தாமானிலிருந்து பட்டணத்துக்கு 6 கிலோமீட்டர்: சைக்கிள் பாதை கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

செம்மண்சடக்கு எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பேரா மாநிலத்தில் முதலாம் எண் கூட்டரசுச் சாலையை ஒட்டிய ஒரு தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஊரின் பெயர் இங்கு அவசியமில்லை. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, வெளியூர்க்காரர்கள் தேநீர் குடிக்கக்கூட நிற்காமல் போன ஊர்களில் அதுவும் ஒன்று.

எங்கள் தோட்டம் கித்தாவிலிருந்து, அதாவது ரப்பரிலிருந்து, செம்பனைக்கு மாறி, பிறகு பாதி நிலம் கைமாறியதும், லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் தோட்டத்தின் ஓரத்தில் கட்டப்பட்ட தாமானுக்கு, அதாவது மலிவுவிலை வீடமைப்புப் பகுதிக்கு, வந்து சேர்ந்தன. லயத்தில் இருந்தவரை கோயில், பள்ளி, கடை எல்லாமே நடை தூரத்தில் இருந்தன. இப்போது வீடு நம் பெயரில் இருக்கிறது. ஆனால் இடைநிலைப்பள்ளிக்கும் சந்தைக்கும் அரசாங்கக் கிளினிக்குக்கும் 6 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. மோட்டார்சைக்கிள் இல்லாத வீட்டிலும், இருக்கும் ஒரே மோட்டாரை அப்பா விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும் வீட்டிலும், பிள்ளைகள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி வேனுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 80 ரிங்கிட் என்றால், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வழி இப்படி: முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் சாலை. அடுத்த மூன்று கிலோமீட்டர் இருவழித் தார்ச்சாலை. வெள்ளைக் கோடு முடிந்த இடத்தில் புல், புல் முடிந்த இடத்தில் மூடியில்லாத கால்வாய். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் பெரிய சாலை, அதில் ஒரு குறுகிய பாலம். ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை லோரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் காலை ஆறரை மணிக்கு ஒரே சாலையில் செல்கிறார்கள். சென்ற நவம்பரில் இரண்டாம் படிவ மாணவன் ஒருவனை லோரி உரசிச் சென்றதில் அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது எங்கள் முனியாண்டி சாமியின் புண்ணியம் என்று அவன் பாட்டி சொல்கிறார்.

தாமான் குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்ட மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். “அந்தச் சாலை எங்களுடையது அல்ல” என்று பதில் வந்தது. இன்னோர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கும் அதே பதில். சைக்கிளில் போவோருக்கு அரசாங்க ஆதரவு என்று ஏதாவது உண்டா, உண்டென்றால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதே என் கேள்வி.

---

தார்ச்சாலை எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் வயது தெரியாது. எனக்கு எழுபது நெருங்குவதால் தம்பி என்றே அழைக்கிறேன். சாலைப் பணியில் தொழில்நுட்ப உதவியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். “எங்களுடையது அல்ல” என்று சொன்ன இரண்டு அலுவலகங்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். உங்கள் 6 கிலோமீட்டருக்கு ஒரே உரிமையாளர் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று பேருக்குச் சொந்தமான சாலைக்கு ஒரே மனு எழுதினால், ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள்.

யாருடைய சாலை என்று கண்டுபிடிக்க அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராவுக்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, கெடாவுக்கு ‘கே’, ஜொகூருக்கு ‘ஜே’. கல்லே இல்லாத தாமான் உள்சாலை பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் மண்சாலை தனியார் நிலம். அங்கே தோட்ட நிர்வாகியைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரமில்லை.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், பணம் இதன்படிதான் வருகிறது. கூட்டரசுச் சாலைக்குக் கோலாலம்பூரிலிருந்து நேரடியாக ஒதுக்கீடு உண்டு. மாவட்டப் பொதுப்பணி அலுவலகம் அதை நடத்துகிறது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு அரசாங்கம் ஆண்டுதோறும் மாநிலங்களுக்கு மானியம் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 109ஆவது பிரிவே சொல்கிறது. அந்த மானியத்துக்கான பதிவேட்டை நாங்கள் ‘மாரிஸ்’ என்போம். அதில் ஏறிய சாலைக்குத்தான் அந்தக் காசு. ஏறாத சாலை எத்தனை பேர் நடந்தாலும் கணக்கில் இல்லாத சாலை. உங்கள் நடுப்பகுதி மூன்று கிலோமீட்டர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் வழியாக எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

அடுத்தது, என்ன கேட்பது. சைக்கிள் பாதை என்பது நம் நாட்டுப் பொறியாளர்களுக்குப் புதிய சொல் அல்ல. பொதுப்பணித் துறை 1986ஆம் ஆண்டிலேயே சைக்கிள் பாதை வடிவமைப்புக்கென்று தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அராஹான் தெக்னிக் ஜாலான் 10/86 என்பது அதன் எண். மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். மனுவைப் படிக்கும் இளம் பொறியாளர் அதைத் தேடிப் பார்ப்பதற்காகவாவது நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

இருந்தாலும், மூன்று கிலோமீட்டருக்குத் தனிப் பாதை வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேட்காதீர்கள். நிலம் எடுக்க வேண்டும், கால்வாயை நகர்த்த வேண்டும், மின்கம்பத்தை நகர்த்த வேண்டும் என்று கோப்பு ஐந்து ஆண்டு உறங்கும். அடுத்த முறை அந்தச் சாலைக்குப் புதுத் தார் போடும்போது ஓரத்தை இரண்டு பக்கமும் அகலப்படுத்தித் தார் போடச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்குத் திரும்பும் வளைவில் கால்வாய்க்கு மூடி போடச் சொல்லுங்கள். புதுத் தார் போடும் பட்டியல் ஆண்டுத் தொடக்கத்திலேயே தயாராகிவிடும். பட்டியல் தயாரான பிறகு கொடுக்கும் மனு, பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்வது போன்றது.

பாலம்தான் உண்மையான சிக்கல். பாலத்தை அகலமாக்க எளிதில் பணம் வராது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமாக ஓர் இரும்பு நடைபாலம் போடுவது அதைவிடப் பல மடங்கு மலிவு. பல ஊர்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதுவரை பாலத்தின் இரு முனைகளிலும் வேகத்தைக் குறைக்கும் பட்டைகளும் விளக்கும் கேட்கலாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். உங்கள் மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்ட வரைவு எப்போது திருத்தப்படுகிறது என்று விசாரியுங்கள். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 172இன்படி, வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நம்மவர்கள் அதைப் படிப்பதில்லை. அந்த வரைபடத்தில் ஒரு கோடாக ஏறிவிட்டால், பின்னாளில் அங்கே வீடமைப்புத் திட்டம் கொண்டுவரும் மேம்பாட்டாளரிடம் அந்தப் பாதைக்கு இடம் விடும்படி மன்றம் கேட்க முடியும்.

---

கிராணி மகன் எழுதியது:

சாலையைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் வரிப் படிவம் நிரப்பும் வேலையில் இருப்பவன் என்பதால் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். “அரசாங்க ஆதரவு உண்டா” என்ற உங்கள் கேள்விக்கு, உண்டு, ஆனால் உங்கள் தாமானைப் பார்த்து எழுதப்பட்டது அல்ல என்பதே என் பதில்.

சைக்கிள் வாங்கினால் வருமான வரிக் கழிவு இருக்கிறது. அது எந்தத் தலைப்பில் வருகிறது தெரியுமா? 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தைச் சுட்டி, விளையாட்டுக் கருவி என்ற தலைப்பில் வருகிறது. 2024 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுக்கென்றே கூடுதலாக 1,000 ரிங்கிட் வரை கழித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு மலை ஏறுபவருக்கு அது பயன்படும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தனிநபர் கழிவு, சேமநிதி, வரித் தள்ளுபடி எல்லாம் போனால் கட்ட வேண்டிய வரியே இல்லை. வரி இல்லாதவருக்குக் கழிவு எதற்கு?

பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் திட்டத்தில் முதலாளி சைக்கிளை வாங்கித் தொழிலாளிக்குக் கொடுத்து, வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்கிறார். வேலைக்குப் போகும் வாகனம் என்று அங்கே சைக்கிளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நல்லதுதான். ஆனாலும் அதுவும் வரி கட்டுபவருக்குத்தான் அதிக லாபம் தரும் ஏற்பாடு. அப்படியே இங்கே கொண்டு வந்தாலும் உங்கள் தாமானுக்கு வந்து சேராது.

எண்ணெய் மானியத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற மானியத் திட்டம் தொடங்கியபோது, ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என்ற விலையில் மாதம் 300 லிட்டர் வரை வாங்கலாம் என்றார்கள். அதைப் பெறக் குடியுரிமையோடு செல்லுபடியாகும் ஓட்டுநர் லைசென்சும் வேண்டும். எண்ணெய் மானியத்துக்கு லைசென்ஸ் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பயணம் என்றாலே லைசென்ஸ் உள்ளவரின் பயணம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. லைசென்ஸ் எடுக்காத உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும், சைக்கிளில் போகும் பிள்ளையும் ஒரு லிட்டர்கூடச் செலவழிப்பதில்லை. அவர்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கும் மானியத்துக்கு ஈடாக அவர்களுக்கு ஒரு முழம் தார்கூட வருவதில்லை. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்காவது 50 ரிங்கிட் மாத அட்டையில் ரயிலும் பஸ்ஸும் உண்டு.

2019 முதல் 2030 வரைக்குமான தேசியப் போக்குவரத்துக் கொள்கையில் பசுமைப் போக்குவரத்து ஒரு நோக்கமாகவே இருக்கிறது. மனுவில் அதைச் சுட்டலாம். கொள்கையைச் சுட்டினால் பணம் வராது. ஆனால் மறுக்கும் அதிகாரி காரணம் எழுத வேண்டியிருக்கும்.

---

பசார்முனை எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் ஒத்துப்போகவில்லை. நானும் சிறுவயதில் தோட்டத்தில் சைக்கிள் மிதித்தவன்தான். இரண்டு பக்கமும் கித்தாப் பால் வாளி தொங்க என் தந்தை மிதித்ததையும் பார்த்திருக்கிறேன். வேறு வழி இல்லாததால் மிதித்தார். வழி கிடைத்த அன்றே மோட்டார் வாங்கினார். இன்று பாதை போட்டுக் கொடுத்தாலும், பதினாறு வயதானதும் பிள்ளைகள் மோட்டார் லைசென்சுக்குத்தான் போவார்கள். மதியம் ஒரு மணி வெயில், நான்கு மணி மழை என்று இருக்கும் நாட்டில் இதைக் குற்றம் சொல்ல முடியாது.

தலைநகரின் கதையையும் மறக்க வேண்டாம். கோலாலம்பூர் நகர மையத்தில் 2018இல் நீல வண்ணம் பூசிப் பாதை போட்டார்கள். அதில் கார்கள் நின்றதைப் படங்களில் பார்த்தோம். வாடகைச் சைக்கிள் என்று ஓபைக் 2017இல் வந்தது. அடுத்த ஆண்டே போய்விட்டது. பெற்றோரின் பயம் வேறு. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் சைக்கிளில் போன எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்ததிலிருந்து, பிள்ளை சைக்கிள் கேட்டாலே பல வீடுகளில் வாய்ச்சண்டை வருகிறது.

பாதைக்குச் செலவழிக்கும் பணத்தில் காலையும் மாலையும் ஒரு சிற்றுந்து விட்டால் பிள்ளைகளோடு கிளினிக்குக்குப் போகும் முதியோரும் பயன் பெறுவார்கள். ஈப்போ, சிரம்பான் போன்ற நகரங்களில் அரசாங்க ஒப்பந்தத்தில் மைபாஸ் என்ற பஸ் சேவை ஓடுகிறது. அதைத் தோட்டப்புறம் வரை நீட்டச் சொல்லிக் கேட்பதே முறை.

---

தார்ச்சாலை எழுதியது:

பசார்முனை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வண்ணம் மட்டும் பூசிய பாதை பாதையே அல்ல. ஸ்பெயினின் செவில் நகரில் 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் 80 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை போட்டபோது, அவற்றைத் துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று இணைத்தார்கள், கார் ஏற முடியாதபடி தடுப்பும் வைத்தார்கள். அதன் பிறகுதான் மக்கள் சைக்கிளை எடுத்தார்கள். செவிலின் கோடை வெயில் நம் வெயிலுக்குக் குறைந்தது அல்ல.

மோட்டாரைப் பற்றி ஒன்று. சாலையின் ஓரத்தை அகலமாக்கித் தார் போட்டால் மோட்டார்கள் அதில் வரும் என்பது உண்மை. வரட்டுமே! நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள்; அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். உலகத்தில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனிப் பாதையை முதலில் போட்டது நாம்தான். 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் போட்டோம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் செய்ததைத் தோட்டத்துச் சாலையில் சிறிய அளவில் செய்யச் சொல்லிக் கேட்கிறோம். ஆகவே மனுவில் “சைக்கிளோட்டிகளுக்கு” என்று எழுதாமல், “சைக்கிளிலும் மோட்டாரிலும் நடந்தும் செல்வோருக்கு” என்று எழுதுங்கள். அப்போது தாமானில் உள்ள எல்லா வீடும் கையெழுத்துப் போடும்.

---

வெண்பலகை எழுதியது:

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. சிற்றுந்து வேண்டும் என்ற அண்ணனின் கருத்தை மறுக்கவில்லை. ஆனால் வேனையே நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பள்ளி முடிந்ததும் வேன் ஒரே முறை கிளம்புகிறது. புதன்கிழமை விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாட நடவடிக்கை மாலை நான்கு மணிவரை நடக்கும். வேனில் வரும் பிள்ளைகள் அதற்கு நிற்க முடியாது. நிற்காவிட்டால் புறப்பாடப் புள்ளி குறையும். அந்தப் புள்ளி மேற்படிப்பு விண்ணப்பத்தில் கணக்கில் வரும். தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகள் படிப்பில் முன்னால் நின்று புள்ளியில் பின்தங்குவதற்குப் பின்னால் ஒரு வேனின் நேர அட்டவணை இருக்கிறது என்பது கல்வி அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? சைக்கிளில் வரும் பிள்ளை எத்தனை மணிக்கும் வீட்டுக்குத் திரும்பலாம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பது மட்டுமே கணக்கு. அதனால்தான் சாலை விளக்கைப் பற்றிப் பெரியவர் எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன்.

சைக்கிள் என்றால் ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்கும் இயக்கத்தை நடத்தினார். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. பிற்காலத்தில் அந்த மாநில அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிளே கொடுத்தது. இங்கே சில நல்லுள்ளங்கள் தீபாவளிக்குச் சைக்கிள் அன்பளிப்புச் செய்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தச் சாலையில் ஓட்டுவது என்று யாரும் கேட்பதில்லை.

பள்ளிக்கு முன்னால் பள்ளி நேரத்தில் 30 கிலோமீட்டர் வேக வரம்பு இருக்கிறது. சிறிது தூரத்தில் அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு லோரி தன் வேகத்துக்குப் போகிறது. பிள்ளைகளும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனமும் சொன்னது. பாலம் வரை அந்த வரம்பை நீட்டச் சொல்லி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தாளில் தனி மனு எழுதுங்கள். அறிவிப்புப் பலகை நடுவதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை.

---

செம்மண்சடக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கல்லைப் போய்ப் பார்த்தோம். நடுப்பகுதி மூன்று கிலோமீட்டரில் ‘ஏ’ எழுத்து இருக்கிறது. ஆகவே மாநிலச் சாலை. பாலம் கூட்டரசுச் சாலையில் வருகிறது. நாங்கள் முன்பு கொடுத்த மனு இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தது. இப்போது மூன்று கடிதம் தயார். ஆசிரியை சொன்ன நான்காவது கடிதத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதுகிறது. மைபாஸ் பற்றிய வேண்டுகோளையும் தனியாக எழுதியிருக்கிறோம். பசார்முனை அண்ணன் அதன் வாசகத்தைப் பார்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை இளைஞர்கள் நான்கு பேர் தாமான் வாசலில் உட்கார்ந்து எண்ணினார்கள். சைக்கிளில் போனவர்கள் 41 பேர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் அல்லாதவர் 12 பேர். காலை வேளையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் இத்தனை பேர் இருப்பது எங்களுக்கே தெரியாது. நாங்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு அவர்கள் போய்விடுகிறார்கள்.

தோட்ட நிர்வாகியைப் பார்த்தோம். உள்சாலை வழியாகப் போனால் மாநிலச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் மிச்சமாகும். குலைத் திருட்டால்தான் அங்கே கேட் போட்டுப் பூட்டியிருப்பதாகவும், சைக்கிள் மட்டும் நுழையும்படி ஏதாவது செய்ய முடிந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். எவ்வளவு அகலத்துக்குச் சந்து விட வேண்டும் என்று பெரியவர் சொல்ல முடியுமா?

---

தார்ச்சாலை எழுதியது:

சைக்கிளின் கைப்பிடி அகலமும் சிறிய மோட்டாரின் கைப்பிடி அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், தம்பி. மோட்டாரை முழுவதும் தடுக்கும் சந்து சைக்கிளையும் தடுக்கும். ஆனால் குலை திருட வருபவன் வெறும் மோட்டாரில் வரமாட்டான். இரண்டு பக்கமும் கூடை தொங்கும். ஆகவே இரண்டு கம்பத்தை நட்டு, கைப்பிடி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு, கூடை தொங்கும் உயரத்தில் இரு கம்பத்திலிருந்தும் உள்பக்கமாக ஒரு குட்டைக் கம்பி நீட்டிவிடுங்கள். மிதிகட்டைக்கு மேலே, கைப்பிடிக்குக் கீழே இருக்க வேண்டும் அது. புத்தகப்பை தொங்கும் சைக்கிளும் நுழைய வேண்டும் என்பதால், சிமெண்டு போடுவதற்கு முன் மூங்கிலை நட்டு ஒரு வாரம் பிள்ளைகளை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிர்வாகியையும் அன்று காலை அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள்.